நூலகமே நாடாக: தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னரின் வாழ்க்கை

கி.பி. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றில் அறிவொளிக் காலம் எனப் போற்றப்பெறுகிறது. நியூட்டன் வகுத்துத் தந்த இயற்கை நெறிகளைக் கொண்டு வானையும் மண்ணையும் மாந்தர் வாழ்வையும் அளந்தறிய முற்பட்ட காலம் அது. சிந்தனையாளர்கள் எழுதினர், அரசர்கள் சிலர் அவர்களைப் புரந்தனர். பிரஷ்ய நாட்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1750 முதல் 1753 வரை வால்தேரைத் தம் அவையில் இருத்திப் பெருமை கொண்டார். உருசியப் பேரரசி காதரீன், 1765ஆம் ஆண்டு திதெரோவின் நூலகத்தை விலைகொடுத்து வாங்கி, அதனை அவரிடமே விட்டுவைத்து, அதன் காப்பாளராக ஊதியமும் வழங்கினார். 1784ஆம் ஆண்டு செருமானிய மெய்யியலார் காண்ட், அறிவொளி யாது என்னும் வினாவுக்கு விடையாக ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பிறர் கைபிடித்து நடத்த நடக்கும் சிறுபிள்ளை நிலையிலிருந்து மனிதன் தானே விடுபட்டு, தன் அறிவைத் தானே துணிந்து பயன்கொள்ளுதலே அறிவொளி என்பது அக்கட்டுரையின் சாரம்.

அக்கட்டுரை வெளிவந்த ஆண்டில், காவிரி பாயும் தஞ்சை நாட்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பின்னாளில் அவன் ஒரு நாட்டுக்கு அரசனானான். ஆனால் அந்நாட்டை ஆளும் உரிமை அவனுக்கு ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நிலைத்தது. படை இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை, பிரடெரிக்கும் காதரீனும் பெற்றிருந்த செங்கோலின் வலிமை சிறிதும் இல்லை. எஞ்சியது ஒரு கோட்டை, ஓர் அரண்மனை, ஓர் ஓய்வூதியம், அளவிறந்த அறிவு வேட்கை ஆகியவையே. அவற்றைக் கொண்டு அம்மன்னர் ஆற்றிய பணிகளின் வரலாறே இரண்டாம் சரபோஜியின் வரலாறு.

பிறப்பும் தத்தும்

தஞ்சையை ஆண்ட மராத்திய போன்சலே குலத்தின் கிளைவழி ஒன்றில் 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சரபோஜி பிறந்தார். அவர் பிறந்தபோது தஞ்சை அரசு அடிமேல் அடிபட்டு நலிந்திருந்தது. 1773இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் நாடு மன்னர் துளஜாவிடம் மீண்டது. 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பால் வயல்களும் ஊர்களும் பாழாயின. சோழவள நாட்டில் பசியும் புலம்பெயர்வும் பெருகிய காலம் அது.

மக்களை இழந்து நோயுற்றிருந்த துளஜா, தம் குலத்துச் சிறுவனாகிய சரபோஜியை 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தத்தெடுத்தார். சிறுவனைக் காக்கும் பொறுப்பை ஒரு செருமானியப் பாதிரியாரிடம் ஒப்படைக்க அவர் விரும்பினார். அவர்தாம் கிறித்தியன் பிரடெரிக் சுவார்ட்சு. 1726ஆம் ஆண்டு பிறந்து, ஆல்லே நகரில் கல்வி பயின்று, 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். ஆல்லே, அறிவொளிக் காலத்தின் பூசலை நேரில் கண்ட நகரம். அங்குப் பகுத்தறிவு மெய்யியல் கற்பித்த ஓல்பு என்பாரை 1723இல் நகரைவிட்டு வெளியேற்றினர்; பிரடெரிக் மன்னர் 1740இல் அவரை மீள அழைத்துக்கொண்டார். பக்தி நெறியினரின் ஏதிலியர் பள்ளிகளும் அந்நகரிலேயே புகழ்பெற்று விளங்கின. அவ்விரு காற்றும் வீசிய ஊரிலிருந்து வந்த சுவார்ட்சு, தமிழும் மராத்தியும் பாரசீகமும் கற்றுத் தஞ்சை மக்களால் பெரிதும் மதிக்கப்பெற்றார்.

1787ஆம் ஆண்டிலேயே துளஜா மறைந்தார். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி அமரசிங்கர் முதலில் சிறுவன் சார்பில் நாட்டைக் காக்கும் பொறுப்பேற்றார். பின்னர்த் தாமே அரசுரிமை வேண்டினார். தத்தெடுத்தது சாத்திர நெறிக்கு ஒவ்வாது என்று பண்டிதர்கள் கூறிய கருத்தை ஏற்றுக் கும்பினியார் அமரசிங்கரையே அரசராக்கினர். பத்து வயதுச் சிறுவனின் வாழ்வு ஒரு நாளில் தலைகீழாயிற்று.

காவலும் கல்வியும்

அடுத்த ஆண்டுகளில் சரபோஜி அரண்மனையுள் காவலில் வைக்கப்பெற்றார். வெளியார் அணுக முடியாத நிலை, கல்விக்கும் தடை. இளமையில் கல் என்று முதுமொழி கூறும் நாட்டில், எழுத்தும் எண்ணும் கற்க வேண்டிய பருவத்தில் ஓர் இளவரசனுக்கு அவை மறுக்கப்பெற்றன. சுவார்ட்சு கும்பினி அதிகாரிகளிடம் இடைவிடாது முறையிட்டார். அதன் பயனாக 1793ஆம் ஆண்டு சரபோஜியும் துளஜாவின் தேவியரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பெற்றனர்.

சென்னை வாழ்வே அவருடைய அறிவுலகத்தைத் திறந்துவிட்டது எனலாம். வேப்பேரியில் தொண்டாற்றிய கெரிக்கே என்னும் செருமானியப் பாதிரியார் அவருக்கு ஆசிரியரானார். ஆங்கிலமும் கணக்கும் நிலநூலும் பிற கலைகளும் அவர் பயின்றார். அன்றைய சென்னையோ புதிய அறிவியலின் வாயிலாக மாறிக்கொண்டிருந்தது. 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் எழுப்பப்பெற்றது. 1794இல் கோட்டைக்குள் நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அப்பள்ளியே வளர்ந்து பெருகிப் பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. இளைஞர் சரபோஜி கல்வி பயின்ற ஆண்டுகளும் சென்னையில் அளவைக் கருவிகளும் தொலைநோக்கிகளும் நிலைகொண்ட ஆண்டுகளும் ஒன்றாக அமைந்தன.

இதற்கிடையில் அரசுரிமை வழக்கு மீண்டும் ஆராயப்பெற்றது. சாத்திரம் வல்ல வேறு அறிஞர்கள் தத்து செல்லும் என்றனர். ஒரு சாத்திர விளக்கத்தால் இழந்த அரசு மற்றொரு சாத்திர விளக்கத்தால் மீண்டது. நூலின் சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதையும், அச்சொல்லுக்குப் பொருள் உரைப்பவரைப் பொறுத்து அது எவ்வாறெல்லாம் திரியும் என்பதையும் சரபோஜி தம் வாழ்விலேயே கண்டவர். நூல்களைத் திரட்டுவதிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் பின்னாளில் அவர் காட்டிய பேரார்வத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் தகும்.

ஆசிரியருக்கோர் இரங்கற்பா

1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு தஞ்சையில் காலமானார். மாணவர் அரியணை ஏறுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இடையில் நின்றவை நான்கு திங்களே. சரபோஜி ஆசிரியரின் உடலை இறுதியாகக் காண வந்தார், கண்ணீர் உகுத்தார், பொன்னாடை போர்த்தினார். வேற்றுச் சமயத்தாரின் உடலருகே அரச குலத்தார் வந்து நிற்றல் அக்காலத்தில் எளிய செயலன்று.

ஆசிரியரின் கல்லறைக்கு அவரே ஆங்கிலத்தில் ஓர் இரங்கற்பாப் புனைந்தார். மன்னர் மறைந்தபோது புலவர் பாடுவதே தமிழ் மரபில் கையறுநிலை. ஓரி, பாரி முதலிய வள்ளல்கள் புலவர் நாவில் நின்று நிலைபெற்றனர். தஞ்சையிலோ அம்மரபு தலைமாறிற்று. பாடப்பெற்றவர் கைப்பொருளற்ற ஆசிரியர், பாடியவர் அரசர். மன்னர் அத்துடன் அமையவில்லை. இலண்டனில் புகழ்பெற்றிருந்த சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையைப் பற்றி மன்னர் நிற்கும் காட்சி அது. சிவகங்கைக் குளத்தருகே சுவார்ட்சு கட்டிய தேவாலயத்தில் அச்சிற்பம் நிறுவப்பெற்றது.

இத்துணை அன்பு கொண்டிருந்தும் சரபோஜி கிறித்தவ சமயத்தைத் தழுவவில்லை. சைவத் திருக்கோயில்களைப் போற்றினார். பெரிய கோயிலில் விநாயகர் திருமுன் எழுப்பினார். வழிபாட்டு நெறிகளைக் கைவிடாது வாழ்ந்தார். ஆசிரியர் தந்த அறிவைப் பெற்றுக்கொண்டார். தம் சமயத்தைத் தாமே வைத்துக்கொண்டார். காண்ட் கூறிய துணிவுக்கு இதுவும் ஒரு சான்றாகும். தந்தை போன்ற ஒருவரிடம் பெறத்தக்கதைப் பெற்று, தக்க இடத்தில் நின்றுகொள்ளும் உளவலிமை அது.

கோலின் இழப்பு

1798ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் சரபோஜி முடிசூடினார். அமரசிங்கர் திருவிடைமருதூருக்குச் சென்று, 1802இல் தாம் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். முடி சூட்டிய கையே கோலைப் பறித்தது. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் செய்துகொள்ளப்பெற்ற உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரைச் சேர்ந்தது. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த பகுதியும் விடப்பெற்றன. ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு என்று வரையறுக்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இந்நிலையில் ஓர் இளைஞர் செய்யக்கூடியவை பல. களியாட்டங்களில் காலம் கழிக்கலாம். இழந்த பெருமையை எண்ணி மனம் வெதும்பலாம். சரபோஜி வேறொரு வழியைத் தேர்ந்தார். 1801ஆம் ஆண்டு அவர் கும்பினிப் பிரதிநிதிக்கு எழுதிய மடல் ஒன்று அவ்வழியைத் தெளிவாகக் காட்டுகிறது. இராமேசுவரம் செல்லும் பெருவழியில் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களைக் காக்க வேண்டும் என்று அவர் அம்மடலில் வேண்டினார். அங்கு வழிப்போக்கர்க்குச் சாதி சமய வேறுபாடின்றி உணவு அளிக்கப்பெறுவதையும், நோயுற்றோர்க்கு மருத்துவம் செய்யப்பெறுவதையும், தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி தரப்பெறுவதையும், கருவுற்ற மகளிர் பேணப்பெறுவதையும் விரித்துரைத்தார். தம் ஓய்வூதியம் குறைந்தாலும் இவ்வறம் குன்றலாகாது என்பதே அவ்வேண்டுகோளின் உட்கிடை. 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் தாமும் ஒரு சத்திரம் அமைத்தார். அங்கும் உணவோடு கல்வி இணைந்து நின்றது.

அரண்மனையில் ஓர் அறிவுலகம்

தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலந்தொட்டே சுவடிகள் பேணப்பெற்று வந்தன. அத்தொகுதியைச் சரசுவதி மகால் நூலகம் எனும் பெருங்கருவூலமாக வளர்த்தவர் சரபோஜியே. வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகள் நாடெங்கும் தேடப்பெற்றன, கிடைக்காதவை படியெடுக்கப்பெற்றன. ஐரோப்பாவிலிருந்து நூல்கள் கப்பல் கப்பலாக வந்தன. முன்பு தஞ்சையில் கும்பினிப் பிரதிநிதியாய் இருந்து இங்கிலாந்து திரும்பிய டோரின், அவற்றை வாங்கி அனுப்புவதில் துணைநின்றார். மருத்துவம், வேதியியல், தாவரவியல், வானநூல், இசை, ஓவியம், பயண நூல் என அத்தொகுதி பரந்து விரிந்தது. நூல்களில் மன்னர் தம் கையொப்பத்தை இட்டார்.

அவர் நூல்களை அழகுக்காக அடுக்கி வைத்தவர் அல்லர். 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாப் பேராயர் ஈபர் தஞ்சைக்கு வந்தார். ஈபர் தாமே ஒரு கவிஞர். மன்னரோடு உரையாடிய அவர் பெருவியப்பு அடைந்தார். இலவாய்சியே, பூர்க்ருவா முதலிய வேதியியலாரையும், இலின்னேயசு, புபோன் முதலிய இயற்கை நூலாரையும் மன்னர் எளிதாக மேற்கோள் காட்டியதை அவர் பதிவுசெய்துள்ளார். சேக்சுபியரின் கவித்திறத்தை மன்னர் மதிப்பிட்ட முறையையும் பாராட்டியுள்ளார். சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் நாள், ஈபர் திருச்சிராப்பள்ளியில் எதிர்பாராது மறைந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் சரபோஜியின் புலமைக்குச் சான்றாய் நின்றன. இலவாய்சியே பாரிசு நகரில் கொலைக்களம் புகுந்த ஆண்டு 1794. அவர் கண்ட உயிர்வளிக் கோட்பாடு காவிரிக் கரையில் ஓர் அரசரின் அன்றாட உரையாடற் பொருளாயிற்று என்பது எண்ணி இன்புறத்தக்கது.

நவவித்தியா கலாநிதி சாலை என்ற பெயரில் மன்னர் ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். பழங்கலைகளோடு புதுக்கலைகளும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. அரண்மனையில் அச்சகமும் அமைந்தது. ஈசாப்புக் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு 1806இல் அங்கு அச்சேறியது. மராத்தி மொழியில் தோன்றிய முதல் அச்சு நூல்களுள் அது ஒன்றாக எண்ணப்பெறுகிறது. ஆயின் அவ்வச்சகம் வடமொழி, மராத்தி நூல்களுக்கே பெரிதும் பயன்பட்டது. தமிழ்நாட்டின் நடுவில் இயங்கிய அவ்வெந்திரம் தமிழுக்கு முதன்மை தரவில்லை என்பது இவ்வரலாற்றில் ஒரு குறையே.

மருத்துவமும் மரபும்

சரபோஜியின் பணிகளுள் நேரடியாக மக்களுக்குப் பயன்பட்டது தன்வந்திரி மகால் ஆகும். ஆயுர்வேதம், சித்தம், யுனானி, மேலை மருத்துவம் ஆகிய நான்கு முறைகளிலும் வல்லார் அங்குக் கூடினர். மருந்துகள் செய்யப்பெற்று ஆய்ந்து பார்க்கப்பெற்றன. மனிதர்க்கு மட்டுமன்றிக் கால்நடைகளுக்கும் மருத்துவம் நடந்தது. பயன்கண்ட முறைகளை மட்டும் தெரிந்தெடுத்துப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளில் யாத்து வைத்தனர். அவையே சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் நூல்வரிசை. நோயைப் பகுத்து, மருந்தை அளந்து, பயனை ஆய்ந்து, பின் பாட்டில் வைத்த இம்முறை சிந்திக்கத்தக்கது. ஆய்வு ஐரோப்பிய நெறியோடு ஒத்தது. அதனைக் காத்த வடிவம் தமிழ் மரபினது.

கண் மருத்துவத்தில் மன்னர் தனி நாட்டம் கொண்டிருந்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகாலில் உள்ளன. நோயாளியின் நிலை, அளித்த மருத்துவம், அதன் விளைவு ஆகியன நாள்வாரியாக எழுதப்பெற்றுள்ளன. நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் அவற்றோடு இணைந்துள்ளன. கண்புரை அறுவையும் அக்குறிப்புகளில் இடம்பெறுகிறது. சென்னையில் கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டு தோன்றியது; அதனையொட்டிய காலத்திலேயே தஞ்சையில் இப்பதிவுகள் எழுந்தன. இக்கால மருத்துவ அறிஞர்கள் இவ்வேடுகளை ஆராய்ந்து 2012இல் அறிவியல் இதழில் வெளியிட்டுள்ளனர்.

குறத்தி கூறிய உலகம்

கவிஞர் பெருமக்கள் ஆழ்ந்து நோக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. புதிய அறிவு எந்த வடிவில் மக்களைச் சேரும் என்ற வினா அன்றைய தஞ்சையில் எழுந்தது. உரைநடை இன்னும் வேரூன்றாத காலம். பள்ளிப் பாடநூல்கள் அரிதாயிருந்த காலம். விடை குறவஞ்சியில் கிடைத்தது.

குறவஞ்சியில் வரும் குறத்தி ஊர் ஊராய்த் திரிபவள். தன் மலைவளமும் நாட்டுவளமும் தான் கண்ட ஊர்களும் கூறிய பின்னரே தலைவியின் கைபார்த்துக் குறி சொல்வாள். அலைந்து திரிந்தவள் வாயில் நிலநூல் இயல்பாகவே பொருந்துகிறது. இதனை உணர்ந்த சரபோஜி, மராத்தி மொழியில் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் நாடகத்தை இயற்றினார். அதில் உலகத்தின் நாடுகளும் நிலப்பகுதிகளும் குறத்தியின் பாட்டில் விரிகின்றன. குற்றாலமும் பொதியமும் பாடிய குறத்தியின் கால்கள் அங்கு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அளந்துவந்தன.

சுவார்ட்சிடம் பயின்ற மற்றொரு மாணவர் வேதநாயக சாத்திரியார். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த அவர் தமிழில் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கிறித்தவ பக்தியே அதன் உயிர். எனினும் கதிரவனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் கோப்பர்நிக்கசின் வானநூற் கருத்தையும் நிலநூற் செய்திகளையும் அதனுள் அமைத்தார். ஓர் ஆசிரியர், இரு மாணவர். ஒருவர் அரசர், மற்றவர் புலவர். ஒருவர் பாடியது மராத்தியில், மற்றவர் பாடியது தமிழில். இருவரும் புதிய உலகத்தைச் சொல்லக் குறத்தியையே அழைத்தனர். சாத்திரியார் தம் சமயப் பாடல்களை விடாது பாடி, 1864வரை வாழ்ந்தார்.

மன்னர் தாமும் ஒரு தமிழ்க் குறவஞ்சிக்குத் தலைவரானார். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பெற்று வந்தது. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு எனும் தஞ்சை நால்வர் இவ்வரசவையிலும் அடுத்து வந்த சிவாஜி மன்னரின் அவையிலும் ஆடற்கலைக்கு நெறி வகுத்தனர். மேலை இசைக்குழுவும் அரண்மனையில் இயங்கியது.

அளவுகோலும் விமானமும்

அறிவொளிக் காலத்தின் பெருவினாக்களுள் ஒன்று, நிலவுலகின் வடிவம் யாது என்பது. அவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சி ஒன்று சென்னையின் தென்புறத்தில் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் இலாம்டன் பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஏழரைக் கல் தொலைவை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஐம்பத்தேழு நாட்கள் ஆயின. பின்னாளில் இமயம்வரை நீண்ட பேரளவைக்கு அதுவே கால்கோள்.

அவ்வளவை 1808இல் தஞ்சையை அடைந்தது. சமவெளியில் உயர்ந்த இடம் வேறின்மையால் பெரிய கோயில் விமானத்தின்மீது கோணமானியை ஏற்ற முற்பட்டனர். கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள அக்கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. இலாம்டன் கூடாரத்துள் புகுந்து, ஆறு வாரம் உழைத்து, சிறிது சிறிதாக அதனை நேராக்கினார். இராசராசன் எழுப்பிய விமானத்தில் ஐரோப்பியக் கருவி மோதிய அந்நிகழ்ச்சி சரபோஜியின் காலத்திலேயே நடந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1803இல், அதே கோயிலின் சுவரில் மன்னர் தம் குலவரலாற்றை மராத்தியில் நெடிய கல்வெட்டாகப் பொறித்திருந்தார். சோழரின் தமிழ் எழுத்துகள் நிறைந்த கோயிலில் தம் குடியின் கதையையும் கல்லில் எழுதிவைக்க விழைந்த மன்னர், நாடு கைவிட்டுப் போனதை நன்கு உணர்ந்தவர்.

நட்பின் எல்லை

சரபோஜியின் வாழ்வில் ஒரு முரண்பாடு இறுதிவரை நீடித்தது. அவர் போற்றிய அறிவு எந்நாட்டிலிருந்து வந்ததோ, அந்நாட்டாரே அவர் கோலைக் கைக்கொண்டனர். 1814ஆம் ஆண்டு, நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயர் வெற்றியையும் கொண்டாடச் சேதுபாவாசத்திரத்தை அடுத்த கடற்கரையில் மனோரா என்னும் கோபுரத்தை அவர் எழுப்பினார். கல்வெட்டில் தம்மை ஆங்கிலேயரின் நண்பராகவே குறித்தார். தம் நாட்டைக் கொண்டவரின் வெற்றிக்குத் தாமே நினைவுச் சின்னம் எழுப்பிய இச்செயலை அடிமை மனப்பான்மை என்பாரும் உளர். எஞ்சியதைக் காக்க வேண்டிய ஒருவரின் அரசியல் நுட்பம் என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. ஓய்வூதியம் நின்றால் நூலகமும் நின்றுவிடும். காப்பாளரின் கையை உதற இயலாத நிலையில் இருந்தவர், தம் அறிவை மட்டும் எவர் காப்பிலும் வைக்கவில்லை.

1820இல் மன்னர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சூழக் காசிப் பயணம் மேற்கொண்டார், 1822இல் திரும்பினார். புண்ணிய நீரோடு சுவடிகளையும், கங்கைப் படித்துறைகளின் ஓவியங்களையும் கொண்டுவந்தார். 1832ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தம் ஐம்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

எஞ்சிய நாடு

அவருக்குப் பின் மகன் சிவாஜி பட்டமேற்றார். 1855இல் ஆண் மகவின்றி அவர் மறைந்தவுடன் தஞ்சை அரசு முடிவுற்றது. கும்பினியார் அரண்மனைக்குள் புகுந்து அனைத்துக்கும் முத்திரையிட்டனர். மூத்த அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அரசுச் செயலில் நீதிமன்றம் தலையிட இயலாது எனத் தீர்த்தது. 1862இல் உரிமை என்ற முறையிலன்றிக் கருணை என்ற பெயரில் உடைமைகள் அரச குடும்பத்தாரிடம் திரும்பின.

நூலகம் அவ்விடர்களைக் கடந்தது. பர்னல் என்னும் ஆங்கில அறிஞர் வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து 1880இல் விளக்க அட்டவணை வெளியிட்டார். 1918இல் அரச குடும்பத்தாரின் இசைவோடு சரசுவதி மகால் பொதுமக்கள் நூலகமாயிற்று. கோட்டைச் சுவர்கள் பலவிடத்தும் சரிந்தன, ஓய்வூதியம் முடிந்தது, பட்டம் முடிந்தது. மருத்துவச் செய்யுள்களும், தேவேந்திரக் குறவஞ்சியும் அந்நூலகத்தின் வெளியீடுகளாக அச்சேறின. நோயுற்ற கண்களைத் தீட்டிய ஓவியங்களும், மன்னரின் கையொப்பம் தாங்கிய இலண்டன் நூல்களும், பனையோலைச் சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் இன்றும் உள்ளன. வேண்டுவார் எவரும் சென்று காணலாம்.